கோ தெங் வலிப்பை நிறுத்துமா? எலியில் கிடைத்த சான்றும் மனிதரில் கிடைக்காத சான்றும்

கேள்வி இது: "என் தங்கை மகனுக்கு 11 வயது. மூன்று வருடமாக வலிப்பு வருகிறது. சோடியம் வால்ப்ரோயேட் கொடுக்கிறோம். இருந்தும் மாதத்துக்கு ஓரிரு முறை வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் அங்கே சீன மருந்துக் கடையில் 'கோ தெங்' என்ற மூலிகை கிடைக்கிறது, வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். வலிப்புக்கு அது நிரூபிக்கப்பட்ட மருந்தாம், நிறைய ஆராய்ச்சி இருக்கிறதாம். உண்மையா? அதைக் கொடுத்தால் மாத்திரையைக் குறைக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரமானது அதுதான். குறைக்கக் கூடாது. ஒரு வேளை டோஸைக்கூட நீங்களாகக் குறைக்க வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், முன்பு வந்ததைவிடக் கடுமையாக, ஒன்று முடிவதற்குள் இன்னொன்று என்று தொடர் வலிப்பு வரலாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டி நிற்காத வலிப்பு உயிருக்கே ஆபத்து. வலிப்பு நோய் உள்ளவர்களில் எதிர்பாராத திடீர் மரணம் என்று ஒன்றும் உண்டு. ஆண்டுக்குப் பெரியவர்களில் ஆயிரத்தில் ஒருவர், குழந்தைகளில் ஏறத்தாழ 4,500-இல் ஒருவர். கட்டுக்குள் வராத பெருவலிப்புதான் அதற்கு முக்கியக் காரணி. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மூலிகை வேலை செய்கிறதா என்று பார்க்க மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

சரி, உறவினர் சொன்னதற்கு வருவோம். நிறைய ஆராய்ச்சி இருக்கிறது என்பது உண்மை. நிரூபிக்கப்பட்ட மருந்து என்பது உண்மையில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். நான் மருந்தியல் கற்பிப்பவன். இந்த மூலிகையின் மேல் எனக்கு அலட்சியம் எதுவும் இல்லை, மரியாதைதான் இருக்கிறது.

கோ தெங் என்பது அன்காரியா ரிங்கோபில்லா என்ற கொடி. காபிச் செடி, நம் ஊர் நுணா மரம் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டில் கணுவுக்குக் கணு வளைந்த கொக்கிகள் இருக்கும். அந்தக் கொக்கியோடு சேர்ந்த தண்டைத்தான் வெட்டிக் காயவைத்து விற்கிறார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வெற்றிலையோடு மெல்லும் கம்பீர் இதே பேரினத்தின் இன்னொரு செடி. ஆனால் அது வேறு, இது வேறு. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் தாவ் ஹோங்ஜிங் என்ற சீன அறிஞர் தொகுத்த மருந்துக் குறிப்புகளிலேயே குழந்தைகளின் காய்ச்சலுக்கும் வலிப்புக்கும் கோ தெங் சொல்லப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை சீன வைத்தியர்கள் வலிப்புக்கு எழுதும் கஷாயங்களில் இது விடாமல் இருந்துவருகிறது, பெரும்பாலும் தியென் மா என்ற மற்றொரு மூலிகையோடு சேர்த்து. தியென் மா பச்சையமே இல்லாத ஓர் ஆர்க்கிட். மண்ணுக்குள் ஒரு பூஞ்சையைத் தின்று வளரும் கிழங்கு.

"ஆயிரத்தைந்நூறு வருடம் பயன்பட்டதே, அது சான்று இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய குறிப்பில் காய்ச்சலும் குழந்தையின் வலிப்பும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் ஏறும்போது வலிப்பு வரும். அநேகமாக எல்லாமே சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். பள்ளி வயதுக்குள் அந்தச் சுபாவமும் போய்விடும். அப்படிப்பட்ட குழந்தைக்கு எந்தக் கஷாயத்தைக் கொடுத்தாலும் வலிப்பு நிற்கும், பிள்ளையும் பிழைக்கும், பெயர் கஷாயத்துக்குப் போகும். அந்தக் கால வைத்தியர் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் உங்கள் தங்கை மகனுக்கு இருப்பது அந்த வலிப்பு இல்லை. காய்ச்சல் இல்லாமல், மாத்திரையையும் மீறி, மூன்று வருடமாக வருவது.

இப்போது ஆய்வகத்துக்குப் போவோம். இங்கேதான் கோ தெங்குக்கு உண்மையான பலம் இருக்கிறது.

எலிக்குச் செயற்கையாக வலிப்பை உண்டாக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று கைனிக் அமிலம். 1953-இல் ஜப்பானில் ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து பிரித்தது. அங்கே அந்தப் பாசியைக் குடல் புழுவுக்கு மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். அதே அமிலத்தை எலிக்குச் செலுத்தினால், மனிதரில் மூளையின் பக்கவாட்டு மடலிலிருந்து கிளம்பும் வலிப்பைப் போல ஒன்று வருகிறது. தைவான் ஆய்வாளர்கள் 1999-இல் ஒரு சோதனை செய்தார்கள். எலிகளுக்கு முதலில் கோ தெங் சாறு, பிறகு கைனிக் அமிலம். சாறு குடித்த எலிகளுக்கு வலிப்பு குறைந்தது. மூளைப் புறணியில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் சேதமும் குறைந்தது. தியென் மாவையும் சேர்த்துக் கொடுத்தபோது வலிப்பு அதைவிடக் குறையவில்லை, ஆனால் அறிகுறிகள் தொடங்குவது இன்னும் தள்ளிப்போனது. பழைய வைத்தியர்கள் இரண்டையும் ஜோடியாக எழுதியது வீண் இல்லை என்று தோன்ற வைத்த முடிவு அது. பிறகு பல ஆண்டுகளுக்கு இதே திசையில் ஆய்வுகள் தொடர்ந்தன.

எப்படி வேலை செய்கிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. கோ தெங்கில் ரிங்கோபிலின், ஐசோரிங்கோபிலின் என்று இரண்டு முக்கிய ஆல்கலாய்டுகள், அதாவது செடியில் உண்டாகும் மருந்துத்தன்மையுள்ள வேதிப்பொருள்கள், உண்டு. 2002-இல் ஜப்பானில் தவளை முட்டைகளில் மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளை வளர்த்து இவற்றைச் சோதித்தார்கள். குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருள் வந்து உட்காரும் இடம் அந்த ஏற்பி. இரண்டு ஆல்கலாய்டுகளும் அதன் வேலையைத் தடுத்தன. 2016-இல் சீனாவில் பிலோகார்பின் கொடுத்து வலிப்பு உண்டாக்கிய எலிகளில் ரிங்கோபிலின் இன்னொரு வேலையும் செய்வது தெரிந்தது. நரம்பணுவில் சோடியம் வாயில்கள் திறந்து உடனே மூட வேண்டும். வலிப்பு வரும் மூளையில் சில வாயில்கள் சரியாக மூடாத குழாய் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவை ரிங்கோபிலின் குறைத்தது. பெனிடாயின், கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரைகள் பிடிக்கும் இடமும் இந்தச் சோடியம் வாயில்தான். ஆக, இது மந்திரமும் இல்லை, வெறும் நம்பிக்கையும் இல்லை. கோ தெங்கில் மருந்துச் சரக்கு இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் நிரூபணமில்லை என்கிறேன்? கேட்ட அண்ணனுக்கோ அக்காவுக்கோ இது முக்கியம் என்பதால் கணக்கோடு சொல்கிறேன்.

தவளை முட்டைச் சோதனையில் ஏற்பியின் வேலையைப் பாதியாகக் குறைக்க 43 மைக்ரோமோலார் ரிங்கோபிலின் தேவைப்பட்டது. எடையில் சொன்னால் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 16.5 மைக்ரோகிராம். எலிக்கு வாய்வழியாக இதைக் கொடுத்து ரத்தத்தில் அளந்தால் கிடைப்பது நானோகிராம் கணக்கில். ஒரு மைக்ரோகிராமில் ஆயிரம் நானோகிராம். குடலும் கல்லீரலும் தாண்டி, அப்புறம் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பையும் தாண்டிப் போக வேண்டும். ஒப்பிட்டுப் பாருங்கள்: பெனிடாயின் மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்கும்படி மருத்துவர் டோஸை வைக்கிறார். கஷாயம் குடித்தவரின் மூளையில் ரிங்கோபிலின் அந்த உயரத்தை எட்டும் என்று நினைக்க இடமில்லை. குறைந்த அளவிலேயே வேறு வழியில் அது வேலை செய்யலாம். அப்படியானால் அதை மனிதரில் காட்ட வேண்டும்.

இன்னொன்று, 1999 எலிச் சோதனையில் மருந்து முதலில், விஷம் பிறகு. நல்ல மூளைக்கு வரப்போகும் அடியை மூலிகை தாங்கிக்கொண்டது. உங்கள் பையனின் மூளையில் வலிப்பு ஏற்கெனவே வேரூன்றி மூன்று வருடம் ஆகிறது. எலியில் ஜெயித்து மனிதரில் தோற்ற மருந்துகளின் பட்டியல் நீளமானது.

மூன்றாவது சிக்கல் பொட்டலத்துக்குள் இருக்கிறது. சீனாவின் அதிகாரபூர்வ மருந்து நூல் கோ தெங் என்ற ஒரே பெயரில் ஐந்து அன்காரியா இனங்களை ஏற்றுக்கொள்கிறது. ஐந்திலும் ஆல்கலாய்டு ஒரே அளவில் இல்லை. சமைக்கும் விதமும் கணக்கு. கோ தெங்கை மற்ற சரக்குகளோடு முதலிலேயே போடக் கூடாது, கஷாயம் இறக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும் என்பது சீன வைத்தியத்தின் பழைய விதி. காரணம் இன்று தெரியும்: சூட்டில் ரிங்கோபிலினும் ஐசோரிங்கோபிலினும் ஒன்று மற்றொன்றாக மாறும், நெடுநேரம் கொதித்தால் சிதையவும் செய்யும். 3 முதல் 12 கிராம் என்று அளவு போட்டிருந்தாலும், வீட்டு அடுப்பிலிருந்து இறக்கிய டம்ளரில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வலிப்புக்கான மருந்து நாள் தவறாமல் ஒரே அளவில் ரத்தத்தில் இருந்தாக வேண்டும். திங்கள்கிழமை அதிகம், செவ்வாய்க்கிழமை குறைவு என்றால் அதுவே வலிப்பை வரவழைக்கும்.

இனி மனிதர்கள். கோ தெங்கை மட்டும் தனியாக எடுத்து, ஒரு பாதிப் பேருக்கு அது, மறுபாதிக்கு அதைப் போலவே இருக்கும் வெற்று மருந்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் கொடுத்து, வலிப்பு எண்ணிக்கையை ஒப்பிட்ட நல்ல சோதனை எதுவும் கிடையாது. சீனக் கூட்டு மருந்துகளை வலிப்பு நோயாளிகளிடம் பரிசோதித்த ஆய்வுகள் உண்டு. 2009-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் சார்பில் சீன மருத்துவர்களே அவற்றைத் தேடித் திரட்டி ஆராய்ந்தார்கள். தகுதி என்று தேறியது ஐந்து ஆய்வுகள், 1,125 பேர். எல்லாமே குறுகிய காலம். முறையும் பலவீனம். வலிப்புக்குச் சீன மூலிகை மருத்துவத்தைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தார்கள். மேற்கத்திய ஆட்கள் ஓரவஞ்சனையாகச் சொன்னது என்று இதைத் தள்ள முடியாது. சீனாவின் மருத்துவர்கள், சீன மொழியில் வந்த ஆய்வுகளைப் படித்துச் சொன்னது.

வெற்று மருந்தோடு ஒப்பிடாத சோதனையை ஏன் நம்பக் கூடாது என்பதற்குக் கோ தெங் சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. மிங் வம்சக் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், குழந்தைகளின் வலிப்புக்கும் அழுகைக்கும் எழுதப்பட்ட ஒரு கூட்டு மருந்தில் கோ தெங் ஒரு சரக்கு. ஜப்பானில் அதற்கு யோகுகன்சான் என்று பெயர். இன்று அங்கே மறதி நோய் வந்த முதியவர்களின் கோபம், பதற்றம் போன்றவற்றுக்குக் கொடுக்கிறார்கள். 2005-இல் 52 பேரிடம் நடந்த சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்கு அப்போது வெற்று மருந்து கொடுக்கவில்லை. 2017-இல் அல்சைமர் நோயாளிகளிடம் வெற்று மருந்தோடு முறையாக ஒப்பிட்டபோது இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

"வெற்று மருந்து சாப்பிட்டு வலிப்பு குறையுமா?" என்று சிலர் வியப்பார்கள். குறையும். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த கன்னபிடயால் என்ற மருந்தை டிராவெட் நோய் என்ற மிகக் கொடிய வலிப்பு உள்ள 120 பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் சோதித்தார்கள், 2017-இல் வெளிவந்தது. மருந்து கிடைத்தவர்களில் 43 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. வெற்று எண்ணெய் கிடைத்தவர்களில்? 27 சதவீதம்! நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல். பொதுவாக வலிப்பு மிக மோசமாக இருக்கும் மாதத்தில்தான் குடும்பம் புது வழியைத் தேடும். மோசமான மாதத்துக்கு அடுத்து வருவது அநேகமாக அவ்வளவு மோசமில்லாத மாதம். உறவினருக்குத் தெரிந்த யாரோ ஒருவருக்குக் கோ தெங் குடித்து வலிப்பு குறைந்திருந்தால், அது இந்த 27 சதவீதத்தில் அடக்கமா, மூலிகையின் வேலையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஆனாலும் அந்தச் சோதனையில் கன்னபிடயால் ஜெயித்தது. மாத வலிப்பு எண்ணிக்கையின் நடுமதிப்பு 12.4-இலிருந்து 5.9 ஆனது. வெற்று எண்ணெய்க் குழுவில் 14.9-இலிருந்து 14.1 வரைதான் இறங்கியது. 2018-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. செடியிலிருந்து வந்தது என்பதற்காக யாரும் அதை ஒதுக்கவில்லை. தூய்மையாக்கி, ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு என்று அளந்து, வெற்று எண்ணெயோடு போட்டியிட விட்டார்கள். பக்கவிளைவும் அதே சோதனையில்தான் தெரிந்தது: வால்ப்ரோயேட் சாப்பிடும் பிள்ளைகளுக்குக் கன்னபிடயால் சேரும்போது கல்லீரல் நொதிகள் அதிகம் ஏறுகின்றன. உங்கள் பையன் சாப்பிடுவதும் வால்ப்ரோயேட். கோ தெங்கோடு வால்ப்ரோயேட் சேர்ந்தால் என்ன ஆகும் என்று குழந்தைகளிடம் யாரும் இப்படி அளந்து பார்த்ததில்லை.

நம் ஊர்ச் சரக்கு ஒன்றும் சீனாவில் இந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போயிருக்கிறது. வட சீனாவில் வெள்ளை மிளகும் முள்ளங்கியும் சேர்த்து வலிப்புக்குக் கொடுக்கும் நாட்டு வைத்தியம் இருந்தது. பெய்ஜிங் ஆய்வாளர்கள் மிளகின் பிப்பரினைப் பிரித்து, அதை எளிமையாக்கி ஆன்டிஎபிலெப்சிரின் என்ற மருந்தைச் செய்தார்கள். குழந்தைகளிடம், யாருக்கு எது என்று தெரியாமல் வெற்று மருந்தோடு ஒப்பிடும் சோதனை வரை போய்ப் பலனும் தெரிந்தது. உலக அளவில் அது நிலைபெறவில்லை. ஆனால் முறை அதுதான். கோ தெங்குக்கும் அந்த மரியாதையை யாராவது செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

இதே சீனாவில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 2000-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு சீனக் கிராமங்களில், மருந்தே கிடைக்காமல் இருந்த வலிப்பு நோயாளிகளுக்குப் பினோபார்பிட்டால் கொடுத்தார்கள். 1912-இலிருந்து இருக்கும் மிக மலிவான மாத்திரை. 2,455 பேர் சேர்ந்தார்கள். ஓராண்டு சிகிச்சையை முடித்தவர்களில் 68 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதியோ அதற்கு மேலோ குறைந்தது, மூன்றில் ஒருவருக்கு முற்றிலும் நின்றது. கொடுத்தவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, ஆரம்ப சுகாதார மருத்துவர்கள். அந்த ஆய்விலும் வெற்று மருந்துக் குழு இல்லைதான். ஆனால் பினோபார்பிட்டால் வலிப்பைத் தடுக்கும் என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம் என்று இல்லை, ஒரு நூற்றாண்டு ஆதாரம் பின்னால் நிற்கிறது.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். கோ தெங் தனியாக, சுத்தமாகக் கிடைத்தால் பெரிய விஷமில்லை. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், தூக்கம் வரும். பிரச்சினை என்னவென்றால் வலிப்புக்கு என்று வரும் சீனப் பொட்டலத்தில் அது தனியாக இருப்பது அபூர்வம். பழைய முறையிலான சில சீன வலிப்பு மாத்திரைகளில் பாதரசச் சேர்மமான சாதிலிங்கம் உண்டு. சில கூட்டுகளில் சாங் பூ சேரும், அது நம் வசம்பின் நெருங்கிய சொந்தம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் மேல் சந்தேகம் இருப்பதால் அமெரிக்கா 1968-லேயே உணவில் அதைத் தடை செய்தது. பிள்ளைக்கு வசம்பு உரசிக் கொடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கலப்படம் இன்னொரு கவலை. தைவானில் 1997-இல் வெளியான ஆய்வில் 2,609 சீன மருந்து மாதிரிகளைப் பரிசோதித்தபோது கிட்டத்தட்ட நான்கில் ஒன்றில் ஆங்கில மருந்து கலந்திருந்தது. சில சீன மூலிகைகள் வலிப்பைக் கிளப்பவும் செய்யும். மா ஹுவாங் அப்படி, கிங்கோ விதையில் உள்ள நச்சும் அப்படி. "சீன மூலிகை" என்று மொத்தமாக ஒரு பெயர் வைத்துப் பேசுவதில் பொருளில்லை.

மூலிகை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்பதும் நம் நாட்டிலேயே பார்த்ததுதான். சங்குபுஷ்பி சேர்ந்த ஓர் ஆயுர்வேத மருந்தைப் பெனிடாயினோடு சாப்பிட்ட இரண்டு நோயாளிகளுக்குக் கட்டுக்குள் இருந்த வலிப்பு திரும்ப வந்தது. மும்பை ஆய்வாளர்கள் எலியில் சோதித்தபோது ரத்தத்தில் பெனிடாயின் அளவு குறைவது உறுதியானது. 1992-இல் வெளிவந்தது. அந்த ஆயுர்வேத மருந்தும் வலிப்புக்கு என்று கொடுக்கப்பட்டதுதான்.

மாதத்துக்கு ஓரிரு முறை வருகிறதே, அதற்கு என்ன வழி? உங்கள் உண்மையான கவலை இதுதான் என்று நினைக்கிறேன், இதற்கு நல்ல பதில்கள் இருக்கின்றன. மூன்று வருடத்தில் பையன் வளர்ந்திருப்பான். வால்ப்ரோயேட் எடைக்கு ஏற்பக் கொடுப்பது. எட்டு வயது எடைக்குப் போட்ட டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அது. இரவு டோஸ் அடிக்கடி தவறுகிறதா, தூக்கம் கெடுகிறதா என்றும் பாருங்கள். அடுத்து, வலிப்பின் வகை சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டதா என்று குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள். வலிப்பு வரும்போது போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ அவருக்குப் பல அறிக்கைகளைவிட உதவும். கிளாஸ்கோவில் நடந்த புகழ்பெற்ற ஆய்வில் முதல் மருந்திலேயே 47 சதவீதத்தினருக்கு வலிப்பு நின்றது, இரண்டாவது மருந்தில் மேலும் 13 சதவீதத்தினருக்கு. பையன் இன்னும் இரண்டாவது மருந்துக்கே போகவில்லை என்றால், வாய்ப்பு நிறைய மிச்சமிருக்கிறது. தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவுமுறை, அறுவை சிகிச்சை பற்றிய ஆய்வு என்று போக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995-லிருந்து வலிப்புக்கான அறுவை சிகிச்சை நடக்கிறது. மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் வலிப்பு என்று தெரிந்தால், அந்த வழியைத் தள்ளிப் போடாமல் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வீட்டில் பெரியவர்கள் வற்புறுத்திக் கோ தெங்கைக் கொடுத்தே தீருவோம் என்று நின்றால், தயவுசெய்து மறைத்துக் கொடுக்காதீர்கள். பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். சீன எழுத்தில் உள்ள சரக்குப் பட்டியலைக் கடைக்காரரிடமே கேட்டு எழுதி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். பட்டியல் இல்லாத பொடியோ மாத்திரையோ என்றால் வேண்டவே வேண்டாம். கொடுப்பதற்கு முன்பும், சில வாரம் கழித்தும் கல்லீரல் பரிசோதனையும் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். பையன் வழக்கத்தைவிடத் தூங்கி வழிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, வலிப்பு கூடினாலோ அன்றே மூலிகையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை மட்டும் எந்த நிலையிலும் அதே நேரத்தில், அதே அளவில் தொடரட்டும்.